முள் நகராத ரேடியோவைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது அலமாரி உச்சியிலிருந்து இறங்கும் தாத்தா காலத்து வால்வு ரேடியோ, கொஞ்ச நாளில் பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் தார்ப்பாய் மேல் கிடக்கிறது. ஏன் விற்றீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "குமிழ் சுத்துது, முள்ளு நகரல. இதுக்கு ஸ்பேர் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க." அந்தக் குறைக்கு ஸ்பேரே தேவையில்லை என்று சொல்லத்தான் இக்கடிதம். இரண்டு மீட்டர் நூலும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் இருந்தால் ஒரு மாலை நேரத்தில் முடிகிற வேலை அது.

பெட்டிக்குள் நடப்பது இவ்வளவுதான். குமிழ் மாட்டிய மெல்லிய தண்டில் டயல் நூல் இரண்டு மூன்று சுற்று சுற்றியிருக்கும். அங்கிருந்து சிறு கப்பிகள் வழியாகப் போய் ஒரு பெரிய டிரம்மைச் சுற்றும். அந்த டிரம், நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் தகடுகளுள்ள கேங் கண்டென்சரின் அச்சில் இருக்கிறது. சுழலும் தகடுகள் நிலையான தகடுகளுக்குள் முழுதும் புகுந்தால் கேங் மூடியது, வெளியே வந்தால் திறந்தது. இடையில் அது அரைச்சுற்று மட்டுமே திரும்பும். தண்டு 6 மி.மீ., டிரம் 60 மி.மீ. விட்டம் என்றால் குமிழை 5 சுற்று திருப்பினால்தான் கேங் முழுதாகத் திறக்கும். நிலையத்தை நூலிழை பிசகாமல் பிடிக்க முடிவது இந்தப் பத்துக்கு ஒன்று விகிதத்தால்தான். முள்ளும் அதே நூலில்தான் கவ்விக்கொண்டிருக்கிறது.

கம்பி வழியாக ஒலிபரப்பு வந்த ரெடிஃப்யூஷன் பெட்டியைச் சிலர் ரேடியோ என்று எண்ணி முள்ளைத் தேடுகிறார்கள். அதில் முள்ளும் இல்லை, கேங்கும் இல்லை. தேடவேண்டாம்.

எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பின்பலகையைக் கழற்ற வேண்டும். வால்வு ரேடியோவின் உள்மின்சாரம் 200 முதல் 300 வோல்ட் வரை இருக்கும். சமீபத்தில் ஓடிய பெட்டியானால், பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டென்சரில் (இது கேங் அல்ல) கொஞ்ச நேரம் தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் உறையிட்ட ஒயரைச் சேர்த்து, கண்டென்சரின் இரு முனைகளையும் சில நொடி தொட்டால் வடிந்துவிடும். ஸ்குரூடிரைவரால் நேரடியாகத் தொட்டுப் பொறி பறக்கவைக்கும் பழக்கம் வேண்டாம். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி பெட்டிகளில் பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸியே வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே அடிக்கும். நூல் வேலை முழுவதையும் மின்சாரம் இல்லாமல் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

இப்போது குமிழைத் திருப்பிக்கொண்டே உள்ளே பாருங்கள். தண்டே திரும்பவில்லையா? குமிழின் பக்கத்திலுள்ள சின்ன திருகாணி தளர்ந்திருக்கிறது. தண்டு திரும்பியும் டிரம் அசையவில்லையா? நூல் அறுந்திருக்கும் அல்லது வழுக்கும். டிரம் சுழன்று கேங் தகடுகள் நின்றால், டிரம்மை அச்சோடு பிடிக்கும் திருகாணிதான் குற்றவாளி. கேங்கும் திரும்புகிறது, முள் மட்டும் நிற்கிறது என்றால் முள் நூலிலிருந்து கழன்றிருக்கும் அல்லது தன் தண்டவாளத்தில் துருவோடு ஒட்டியிருக்கும். பினாங்குக் கடற்காற்றுக்கு இந்தக் கடைசிக் குறை சகஜம். துருவைத் துடைத்துவிட்டு, தண்டவாளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் போதும்.

நூல் மாற்றுவதென்றால், பழைய நூலை வெட்டுமுன் கைபேசியில் இரண்டு படம் எடுங்கள்: கேங் முழுதும் மூடியிருக்கையில் ஒன்று, முழுதும் திறந்திருக்கையில் ஒன்று. பிறகு காகிதத்தில் நூல் போகும் வழியையும், தண்டில் எத்தனை சுற்று, எந்தத் திசை என்பதையும் வரையுங்கள். படமிருக்க வரைவானேன் என்று தோன்றும். டிரம்மின் பின்புறம் படத்தில் தெரியாது, அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்.

நூல் 0.6 முதல் 0.8 மி.மீ. தடிமனுள்ள பின்னல் நைலான் அல்லது பாலியஸ்டராக இருக்கட்டும். தையல் நூல் நீளும், தேயும். ஒற்றை இழைத் தூண்டில் நைலான் தண்டில் வழுக்கும், முடிச்சும் நிற்காது. இப்போதைய பளபளப்பான பிஇ (பாலிஎத்திலீன்) பின்னல் தூண்டில் நூல் எளிதில் அறுந்துபோகாது, ஆனால் அதுவும் வழுக்கும். நைலான் ஈரம் இழுத்து நீளும் என்பதால், மாட்டுமுன் ஓர் இரவு அரை கிலோ எடை கட்டித் தொங்கவிடுவது நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நல்லது.

கேங்கை முழுவதும் மூடி வைத்துத் தொடங்குங்கள். நூலின் ஒரு முனையை டிரம்மின் கொக்கியில் கட்டி, வரைபடப்படி கப்பிகளில் ஓட்டி, தண்டில் இரண்டரை முதல் மூன்று சுற்று சுற்றி, மறுபடி டிரம்முக்குக் கொண்டுவந்து ஸ்பிரிங்கில் கட்டவேண்டும். நடுவில் நூல் நழுவாமலிருக்க டிரம்மின் விளிம்பில் காகித டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், மூன்றாவது கை கிடைத்த மாதிரி. வழுக்குகிறதே என்று நான்கைந்து சுற்று போட்டால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாதிவழியில் இறுகிக்கொள்ளும். ஸ்பிரிங் இயல்பு நீளத்தைவிட மூன்றிலொரு பங்கு நீண்டு நிற்பது சரியான இழுவிசை: 15 மி.மீ. ஸ்பிரிங் 20 மி.மீ. வரும். அதற்கு மேல் இழுத்தால் தண்டு உட்காரும் புஷ் தேயும். பேனா ஸ்பிரிங் இதற்கு ஆகாது, அது அமுங்குவதற்கு, இழுபடுவதற்கு அல்ல. முடிச்சின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். சூப்பர் குளூ நூலில் ஊறி அதை விறைப்பாக்கி, அந்த இடத்திலேயே ஒடிக்கும்.

அறுந்துபோய் பழைய வழியே தெரியவில்லை என்றால் இரண்டு சோதனை. குமிழை வலப்புறம் திருப்பினால் முள்ளும் வலப்புறம் போகவேண்டும். எதிராகப் போனால் தண்டில் சுற்றிய திசை தவறு. முள் குமிழோடு ஒத்துப்போகிறது, ஆனால் கேங் மூடும்போது முள் குறைந்த அதிர்வெண் முனைக்குப் போகாமல் எதிர் முனைக்குப் போகிறதா? டிரம்மில் நூலை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறீர்கள். கேங் முழுதும் மூடிய நிலையே குறைந்த அதிர்வெண். டயலில் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருந்தால் பெரிய எண் இருக்கும் பக்கம்.

அப்படியும் வழுக்கினால் வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டியைத் தண்டைத் தொடும் நூலில் மட்டும் லேசாகத் தேய்க்கலாம். எண்ணெய் கப்பியின் அச்சுக்கு மட்டும், ஊசி முனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நூலில் பட்டால் வேலை முதலிலிருந்து. டயல் கண்ணாடியையும் விட்டுவிடுங்கள். நகரங்களின் பெயரெல்லாம் அதன் பின்பக்கம் அச்சிட்டவை, ஸ்பிரிட்டோ சோப்புநீரோ பட்டால் எழுத்து துணியோடு வந்துவிடும். காய்ந்த மென்தூரிகை போதும்.

திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அது நூல் விவகாரமல்ல. கேங் தகடுகளுக்கிடையில் தூசி இருக்கலாம், அல்லது சுழலும் தகடுகளைச் சேஸியோடு இணைக்கும் செம்பு நிறப் பட்டைகள் அழுக்காகியிருக்கலாம். தூரிகையால் தூசி தட்டி, பட்டைகளில் மட்டும் பல்குச்சியால் கான்டாக்ட் கிளீனர் தொட்டு வையுங்கள். தகடுகளுக்கிடையே ஸ்பிரே அடித்தால் எண்ணெய்ப் படலம் தங்கி மறுபடி தூசியைப் பிடிக்கும். டயலின் ஒரு பகுதியில் மட்டும் ஒலி அடங்கினால் தகடு வளைந்து உரசுகிறது. மல்டிமீட்டரில் ஓம் பார்த்து உறுதி செய்ய, முதலில் கேங்கிலிருந்து காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) போகும் ஒயரைக் கழற்றவேண்டும். கழற்றாவிட்டால் காயிலின் சில ஓம்களையே ஷார்ட் என்று நம்பி ஏமாறுவீர்கள். ஓரத் தகடுகளில் கீற்றுகள் வெட்டியிருந்தால் அது சேதமல்ல, தொழிற்சாலையில் அலைவரிசையைச் சரிக்கட்டிய இடம். அவற்றை நிமிர்த்தாதீர்கள்.

கேங் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையங்கள், அதாவது குரோமெட், மூன்றோ நான்கோ இருக்கும். இந்த வயதுப் பெட்டிகளில் பெரும்பாலும் கல்லாகியோ பொடியாகியோ போயிருக்கும். கேங் ஒரு பக்கம் சரிந்தால் எத்தனை முறை புது நூல் போட்டாலும் டிரம்மின் பள்ளத்திலிருந்து நழுவும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைகளில் அளவு சொல்லி வாங்கலாம். துத்தநாக வார்ப்பு டிரம் விரிசலிட்டு உதிரத் தொடங்கியிருந்தால் மட்டுமே உண்மையில் வழியில்லை. இன்னொரு பழைய பெட்டியின் டிரம்தான் வேண்டும்.

கடைசியாக, உள்ளூர் நிலையங்கள் இன்று எஃப்எம்மில் இருப்பதால், ஐம்பதுகளின் ஜெர்மன் பெட்டிகளில் எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸோடு முடிவதைப் பழுது என்று எண்ணவேண்டாம். கோலாலம்பூரில் 92.3-இல் வரும் மின்னல் எஃப்எம் அந்த எல்லைக்குள் வரும். பல ஆண்டு தூங்கிய பெட்டியை நூல் போட்ட கையோடு பிளக்கில் சொருகிவிடாதீர்கள். பழைய மெழுகுக் காகிதக் கண்டென்சர்களை மாற்றி, முதல் முறை 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துத்தான் மின்சாரம் கொடுக்கவேண்டும். இது மட்டும் தெரிந்தவர் கையில் நடக்கட்டும்.

பட்டறையில் கொடுத்து நூல் மாற்றுகிறவர்கள் அறுந்த பழைய நூலையும் கேட்டு வாங்கி, ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை மாற்றுகிறவருக்கு நீளம் அதிலிருந்துதான் தெரியும்.

இப்படிக்கு,
பழைய வானொலி பழுதுபார்ப்பவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.