அது பெயின்டிங் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ரோம் பயணக் கட்டுரை படித்தேன், நன்றாக இருந்தது. ஆனால் 'என்ன வாங்கலாம்' பகுதியில் சாவிக்கொத்து, ஃபிரிட்ஜ் மேக்னெட்டோடு சேர்த்து மைக்ரோ மொசைக் நகையை 'பெயின்ட் செய்த பழைய ப்ரோச்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அதில் ஒரு சொட்டு பெயின்ட்கூடக் கிடையாது. கண்ணாடியை உருக்கி, நூல் மாதிரி இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு சில்லாக இடுக்கியால் எடுத்துப் பசையில் பதித்த படம் அது. உயர்ந்த வேலைப்பாட்டில் ஒரு சதுர அங்குலத்துக்குள் 3,000 சில்லுக்கு மேலேகூட இருக்கும். புனித பேதுரு பேராலயத்தின் ஓவியங்களை மொசைக்காக மாற்றிக்கொண்டிருந்த கைவினைஞர்கள், அந்த வேலை குறைந்துபோனதும் ரோமைச் சுற்றிப் பார்க்க வந்த பணக்காரர்களுக்காகச் சின்னச் சின்னப் படங்கள் செய்ய ஆரம்பித்தார்கள். ஜாகோமோ ரஃபாயெல்லி என்ற மொசைக் கலைஞர் 1775-இல் தன் படைப்புகளை ரோமில் காட்சிக்கே வைத்தார். கேமரா இல்லாத காலம், கொலோசியத்தை ஊரில் காட்ட வேண்டுமென்றால் இப்படித்தான் சட்டையில் குத்திக்கொண்டு போக வேண்டும்.

என்னிடம் இருப்பது கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் புறாக்கள். 1737-இல் ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் மாளிகையில் தோண்டி எடுத்த மொசைக்கைப் பார்த்துச் செய்தது. ரோமின் போர்த்தா போர்த்தேசே ஞாயிற்றுச் சந்தையில் வாங்கினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு புறாவின் கழுத்தில் மட்டும் சாம்பல், நீலம், லேசான பச்சை என்று வரிசை வரிசையாக நிறம் மாறிக்கொண்டே போகும்.

ஊருக்கு வந்ததும் அழுக்கெடுக்க நகைக்கடையில் கொடுத்தேன். தங்க நகையைப் போடுகிற, ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும் அதே அல்ட்ராசோனிக் மெஷினில், வெந்நீரில் போட்டுவிட்டார்கள். சில்லுகளுக்கு நடுவே அடைத்திருக்கும் மெழுகு கரைந்து, பசை விட்டு, ஒரு மூலை அப்படியே கொட்டிவிட்டது. கடைக்காரருக்கு இது என்னவென்று தெரியாது, நானும் சொல்லவில்லை.

அடுத்த முறை எழுதும்போது தயவுசெய்து இதையும் போடுங்கள்: தண்ணீர் படக்கூடாது, மெஷினில் போடவே கூடாது, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். அப்புறம், வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சில்லுகளின் விளிம்பு தெரியும். சில்லு பெரிதாக, பித்தளையில் பதித்ததாக இருந்தால் பெரும்பாலும் பிற்காலத்து வேலை, விலை பேசலாம்.

கொட்டியதில் 11 சில்லுகளைப் பொறுக்கி ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். கறுப்பாக இருக்கும் ஒன்று புறாவின் கண்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி