மொழிபெயர்ப்பும் உழைப்பே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னாட்டு நிறுவனங்களில் பல மொழிக்காரர்கள் ஒன்றாகப் பணிபுரிவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆங்கிலத்தை நிறுவனத்தின் பொது மொழியாக அறிவித்து, ஊழியர்களுக்கு முறையாக வகுப்புகளும் நடத்திவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது கட்டுரையாளரின் முடிவு. சென்னையை அடுத்த ஒரகடம் வட்டாரத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளின் பணியாளர் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த முடிவை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. கட்டுரை கூட்ட அறையோடு நின்றுவிடுகிறது. மொழிச் சிக்கல் ஆபத்தாக மாறுவதோ இயந்திரங்கள் ஓடும் இடத்தில்.

கூட்ட அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுரையாளர் முன்மாதிரியாகக் காட்டும் ஜப்பானிய இணைய வணிக நிறுவனமான ராகுடென், ஆங்கிலத்தைப் பொது மொழியாக்கப் போவதாக 2010இல் அறிவித்து 2012இல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் பதவி உயர்வோடு இணைக்கப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் ஊழியர்கள் தங்கள் சொந்த நேரத்திலும் சொந்தச் செலவிலும் படித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கப்பட்டது. அது சரிவரவில்லை என்று கண்ட பிறகே நிறுவனம் வகுப்புகளுக்குத் தானே பொறுப்பேற்றது. இந்தப் பின்பகுதி கட்டுரையில் இல்லை. அதே 2010இல் ராகுடெனின் முடிவை அறிவற்றது என்று வெளிப்படையாகச் சாடியவர் ஹோண்டாவின் அன்றைய தலைவர் தகனோபு இட்டோ. வேடிக்கை என்னவென்றால், 2015இல் அதே ஹோண்டா, நாடுகளுக்கிடையிலான அலுவல் தொடர்புக்கு ஆங்கிலத்தையே 2020க்குள் பொது மொழியாக்கப் போவதாக அறிவித்தது. ஆகவே பொது மொழி தேவையா என்ற வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம். அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில், அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் இருபது ஆண்டு அனுபவமுள்ள டிப்ளமா படித்த மூத்தவர் வாய் திறக்காமல் அமர்ந்திருப்பார். அவரிடம் முந்தின நாள் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சரளமாகச் சொல்லும் புதிய பொறியாளர் பாராட்டைப் பெற்றுக்கொண்டு போவார். இது எந்த ஒரு நிறுவனத்தின் தனிக்குறையும் அன்று. பல இடங்களில் கண்டிருக்கிறேன். கூட்டத்தில் பேசப்போகும் பொருளையும் புள்ளிவிவரங்களையும் ஒரு நாள் முன்னதாகவே எழுத்தில் கொடுத்துவிடுவது, இடையில் ஐந்து நிமிடம் அவரவர் மொழியில் கலந்து பேசிக்கொள்ள விடுவது, முடிவில் எடுத்த தீர்மானங்களை எல்லோர் முன்னிலையிலும் வாசித்து உறுதிசெய்வது ஆகியவற்றைச் செய்தாலே நிலைமை பெரிதும் மாறும். ஜப்பானியரும் தமிழரும் தத்தம் அரைகுறை ஆங்கிலத்தில், நடுவே ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசினால் எளிதாகப் புரிந்துகொண்டுவிடுகிறார்கள். தொலைபேசி இணைப்பில் வேகமாகப் பேசும் அமெரிக்கர் சேர்ந்துகொள்ளும்போதுதான் இரு தரப்பாரும் ஒருசேரத் திணறுகிறார்கள்.

இனி இயந்திரங்களின் பக்கம் வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும் உற்பத்தியைத் தொடங்கின. அக்காலத்தில் உற்பத்தி லைனில் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். வெளிநாட்டு ஆலோசகருக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரே ஒரு மொழிபெயர்ப்புப் படிதான் இருந்தது. அந்தப் படிக்கு நிறுவனங்கள் மதிப்புக் கொடுத்தன. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற மையங்களில் ஜப்பானிய மொழி பயின்று, ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 என்னும் உயர்நிலையில் தேறியவர்களை மொழிபெயர்ப்பாளர்கள் என்ற பதவியிலேயே அமர்த்தி, தனிச் சம்பளம் கொடுத்தார்கள்.

இன்று உதிரிபாக ஆலைகளில் ஒப்பந்தக்காரர்கள் வழியாக வரும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் ஏராளம். ஜப்பானியப் பொறியாளர் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்கிறார். அதைத் தமிழரான லைன் லீடர் தமக்குத் தெரிந்த இந்தியில் சொல்கிறார். அந்த இந்தியைக் கேட்டுப் புரிந்துகொண்ட ஓர் இளைஞர், தம்மோடு ஒரே ஊரிலிருந்து வந்த மற்றவர்களுக்கு ஒடியாவில் சொல்கிறார். மூன்று முறை மொழி மாறுகிறது. முதல் ஆளுக்கு மாதச் சம்பளம் உண்டு. இரண்டாமவருக்கு அது வேலையோடு வேலை. மூன்றாமவரோ தமக்குரிய உற்பத்தி இலக்கையும் முடித்துக்கொண்டு, உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் இயந்திரத்தின் முன்னால் நின்றபடி இதையும் செய்கிறார். அவருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் மொழிபெயர்ப்பாளர் என்று இருக்காது. அவர் ஊருக்குப் போய்விட்டால் அந்த ஷிஃப்டில் பாதுகாப்பு அறிவுரை யாருக்கும் போய்ச் சேராது. ஆங்கில வகுப்பு நடத்துவதால் இந்தக் கடைசிப் படிக்கு என்ன பயன் என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

சட்டம் இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆலையில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையினருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 108ஆம் பிரிவில் விதித்தது. ஒரு பஞ்சாலையில் வேலை செய்வோர் அனைவரும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தே வந்த காலத்தில் அந்த விதி போதுமானதாக இருந்தது. ஆனால் நூறு பேரில் அறுபது பேருக்குப் புரிந்தாலே அந்த விதிப்படி கடமை நிறைவேறிவிட்டது. மீதி நாற்பது பேரின் கையும் அதே பிரஸ்ஸுக்குள்தான் போய்வருகிறது.

பிரான்சு இதில் கடுமையான வழியைத் தேர்ந்தது. 1994இல் இயற்றப்பட்ட தூபோன் சட்டத்தின்படி, ஊழியர் தம் வேலையைச் செய்யத் தேவையான ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் இருந்தாக வேண்டும். மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, தொழில்நுட்ப ஆவணங்களை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்ததற்காக, 2006இல் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5,80,000 யூரோ செலுத்துமாறு அதற்கு உத்தரவிட்டது. நம் ஊரிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. தமிழ்நாட்டு ஆலையில் தமிழ் அறிவிப்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை எழுதி மாட்டியதோடு பொறுப்பு முடிந்தது என்று நினைப்பதைத்தான் நான் மறுக்கிறேன். பிரெஞ்சுச் சட்டம் காப்பது ஒரு நாட்டின் மொழியை. ஒரகடத்துப் பிரஸ் ஷாப்பில் நிற்கும் ஒடியாக்காரருக்கு அந்த மாதிரியில் எழுதும் சட்டம் எதையும் தராது.

சிங்கப்பூரின் வழி நமக்கு அதிகம் பொருந்தும் என்று கருதுகிறேன். அங்கே கட்டுமான வேலைக்குப் போகும் அயல்நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் தேறியாக வேண்டும். அந்த வகுப்புகள் தமிழ், வங்காளம், சீனம் உள்ளிட்ட மொழிகளில் நடத்தப்படுகின்றன. தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போன நம் பிள்ளைகளுக்கு அந்நிய மண்ணில் தமிழில் பாதுகாப்புப் பாடம் கிடைத்திருக்கிறது. நம்மிடம் வேலைக்கு வருபவருக்கும் அவர் மொழியில் அதைச் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள்தானே?

பாடம் சொன்னால் மட்டும் போதாது. பயிற்சி முடிந்ததும் புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். புரியவில்லை என்றால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஒப்பந்தத் தொழிலாளருக்கு எப்போதும் உண்டு. அதனால் கேட்பதை விட்டுவிட்டுச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். இயந்திரத்தைப் பழுது பார்க்கும்முன் மின் இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டுவதை அவரே செய்யட்டும். கை உள்ளே சிக்காதிருக்க, பிரஸ்ஸை இயக்கும்போது இரண்டு கைகளாலும் அழுத்த வேண்டிய பொத்தான்களில் ஒன்றை ஏன் கட்டி வைக்கக் கூடாது என்பதை அவர் தம் மொழியில் சொல்லட்டும். அந்த மொழி தெரிந்த வேறொருவர் அருகிலிருந்து சரிபார்க்கட்டும்.

அந்த வேறொருவருக்கு மாதப்படி கொடுங்கள். ஷிஃப்ட் பட்டியலில் பெயரைப் போடுங்கள். அந்த நேரத்துக்கு உற்பத்தி இலக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதே நிறுவனங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை. செலவு என்று நிர்வாகம் தயங்கலாம். கைசென் (தொடர் மேம்பாடு), கெம்பா (வேலை நடக்கும் இடம்), ஐந்து எஸ் (பணியிட ஒழுங்கு முறை) என்னும் ஜப்பானியச் சொற்களைப் பத்தாம் வகுப்புப் படித்த தொழிலாளியின் வாயில் இயல்பாகப் புழங்கும்படி செய்தது இதே நிர்வாகங்கள்தாம். பொருளின் தரத்துக்கு அது தேவை என்று தோன்றியதால் வகுப்பு எடுத்தார்கள், சுவரெங்கும் படம் ஒட்டினார்கள், போட்டி வைத்துப் பரிசும் கொடுத்தார்கள். மனம் இருந்தால் மொழி ஒரு தடையாக இருப்பதில்லை.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரவு ஷிஃப்டில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரைத் தாங்களே தேர்ந்து, அவர் மொழி அறிந்த ஒருவரின் துணையோடு, அவசர நேரத்தில் இயந்திரத்தை எப்படி நிறுத்துவார் என்று செய்து காட்டச் சொல்ல வேண்டும். அவர் செய்த விதத்தை ஆய்வறிக்கையிலும் பதிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் துறை அலுவலர்,
ஸ்ரீபெரும்புதூர்.