வல்லாரையும் மறதி நோயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகைகளால் அல்சைமர் என்னும் மறதி நோயைக் குணப்படுத்திவிடலாம் என்ற பொருளில் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு ஆண்டுகளாக இந்நோயுடன் வாழும் தாயைக் கவனித்துவரும் மகள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தாவரங்களிலிருந்து இந்நோய்க்கு மருந்தே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. 1950களில் சோவியத் ஒன்றியத்திலும் பல்கேரியாவிலும் ஸ்னோடிராப் என்னும் பூச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கேலன்டமைன், 2001இல் அமெரிக்காவில் அல்சைமர் மருந்தாக ஒப்புதல் பெற்றது. மூளையில் நினைவாற்றலுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சிதைவதைத் தாமதப்படுத்தி அது சிலகாலம் துணைநிற்கிறது, நோயை நிறுத்துவதில்லை. அதைக்கூட யாரும் செடியாக அரைத்துக் குடிப்பதில்லை. நாளுக்கு 8 மில்லிகிராமில் தொடங்கி, மருத்துவர் பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுகிறார்.

கட்டுரை புகழ்ந்த மூலிகைகளின் நிலை வேறு. ஜின்கோ மரத்தின் இலைச்சாற்றை 3,069 முதியோரிடம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சோதித்த அமெரிக்க ஆய்வு, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் அறிவித்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் எலிகளிடம் நம்பிக்கை தந்தாலும், நம் குடல் அதை மிகச் சொற்பமாகவே உறிஞ்சுகிறது. நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் அதனால் பலன் தெரியவில்லை.

சென்ற ஆண்டு ஒரு மூலிகைக் கடைக்காரர், வல்லாரை லேகியம் போதும், மாத்திரை எதற்கு என்றார். நம்பி, அம்மா உட்கொண்டுவந்த டோனெபெசில் என்னும் அல்சைமர் மாத்திரையை நிறுத்தினோம். மூன்றே வாரத்தில் அம்மா இரவெல்லாம் உறங்காமல் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று அழத் தொடங்கினார். மாத்திரையை மீண்டும் தொடங்கியும் பழைய நிலை முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் வல்லாரைக் கட்டை மடியில் வைத்தால், பெயர் தெரியாவிட்டாலும், அவர் விரல்கள் காம்பைக் கிள்ளி இலையைத் தனியே சேர்க்கின்றன. அதைத் துவையலாக அரைத்துத் தருகிறேன், உணவாக மட்டுமே.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, சொல்லப்படும் பலன் சோதனைக் குழாயில் கண்டதா, எலியிடமா, மனிதரிடமா, எத்தனை பேரிடம் என்பதையும், மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் முதல் பத்தியிலேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், தஞ்சாவூர்