தீவாகிவிடும் காடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேன்கனிக்கோட்டைப் பகுதியில் யானைகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவில் முன்பு ஏறத்தாழ 1 மீட்டர் உயரமே வளர்ந்த யானைகள் வாழ்ந்தன என்பது பெரும் வியப்பு. பெருநிலத்திலிருந்து பிரிந்து, குறைந்த தீனியோடு, தம்மை வேட்டையாடும் பெருவிலங்குகளின் அச்சமின்றிப் பல தலைமுறைகள் வாழ்ந்ததால் அங்கே சிற்றுடலே நிலைபெற்றது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அதுபோலவே, பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகசு தீவுகளின் நீர்க்காக இனம் ஒன்று பறக்கும் ஆற்றலையே இழந்துவிட்டது.

இம்மாற்றங்களுக்கு நெடுங்காலம் தேவை. சாலைகளும் குடியிருப்புகளும் நம் காட்டை ஒரு தலைமுறைக்குள் தீவுகள் போலத் துண்டாக்கினால், யானைகளுக்கு அந்த அவகாசம் ஏது? 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரின சரணாலயத்தை ஒட்டிய வலசைப் பாதைகளை அரசு தடையின்றிக் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.