அப்பாவைக் கிழக்கு பார்க்கக் கிடத்தியவர்களுக்கு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

அப்பா நித்திரையடைந்து நாற்பது நாள் ஆகிறது. அடக்கத்தன்று ஒருவருக்கும் வாய் திறந்து நன்றி சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் குழி வெட்டிய அண்ணன்மாருக்கு. ஏற்காட்டின் கார்த்திகை மழையில், விடியற்காலையிலேயே மண்வெட்டியோடு வந்துவிட்டீர்கள். மூன்றடியில் பாறை தட்டியது. வடக்கு தெற்காகத் திருப்பி வெட்டினால் மண் இளக்கமாக இருக்கும், சீக்கிரம் முடியும் என்று நானே சொன்னேன். "வேண்டாம் தங்கச்சி. மின்னல் மாதிரி கிழக்கேயிருந்து வருவேன்னு ஆண்டவர் சொல்லியிருக்கார். மாமா உயிர்த்து எழுந்ததும் அவரைத்தான் பார்க்கணும்" என்று கடப்பாரையை எடுத்தீர்கள். மதியம்வரை பாறையோடு மல்லுக்கட்டினீர்கள். ஒரு அண்ணனுக்குக் கொப்புளம் உடைந்து, கையில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. தலை மேற்கே, கால் கிழக்கே என்று அப்பாவைக் கிடத்தினோம். காப்பிப் பழம் எடுக்கும் நேரத்தில் ஒருநாள் கூலியை விட்டு வந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

எட்டு மாதம், வாரம் இரண்டு முறை சேலத்துக்கு டயாலிசிஸ். திரும்பி ஏறும்போது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் அப்பாவுக்குத் தலை சுற்றும். கண்ணை மூடிக்கொண்டு "வாரும் ஆண்டவரே" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வருவார். டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த இடது கையை யாரும் இடித்துவிடக் கூடாதென்று இடப்பக்க ஜன்னலோர சீட்டைப் பிடித்து வைத்த கண்டக்டர் அண்ணா, உங்களுக்கும் நன்றி.

தோட்டத்து லைன் வீட்டு அக்காமார் கொண்டுவந்த கஞ்சிக்கும் சுக்குக் காப்பிக்கும் கணக்கே இல்லை.

அப்புறம் எங்கள் உபதேசியார் ஐயாவுக்கு. விசுவாசம் இருந்திருந்தால் குணமாகியிருப்பார் என்று ஒருவர் துக்க வீட்டிலேயே சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. நீங்கள் வந்து, தெசலோனிக்கே சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை வாசித்தீர்கள். அந்தச் சபையிலும் சிலர் இறந்துபோயிருந்தார்கள். பவுல் யாருடைய விசுவாசத்தையும் அளந்து பார்க்கவில்லை, கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்றுதான் எழுதினார் என்று விளக்கினீர்கள். அழவே கூடாது என்றும் அவர் சொல்லவில்லை, நம்பிக்கையில்லாதவர்களைப்போல அழ வேண்டாம் என்றுதான் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதார், இரண்டு வாய் கஞ்சியும் குடித்தார்.

அன்று விட்டுப்போன கடப்பாரை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா காப்பி போட்டுத் தருவார்.

உங்கள் தங்கை,
ஏற்காடு