பெயர்ப் பட்டியல் மாறினால் இசைக்குழு கலைந்துவிட்டதாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில், மலையகப் பிள்ளைகள் எதையும் ஆரவாரமாகத் தொடங்கி மூன்றே மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள் என்றும், அண்மையில் தேயிலைத் தோட்டப்புறங்களில் தோன்றியிருக்கும் ‘சத்தக் குழுக்கள்’ (பங்க் இசைக்குழுக்களைத்தான் அப்படிச் சொல்கிறார்) அதற்குச் சரியான உதாரணம் என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். போன வருடம் பார்த்த முகங்கள் இந்த வருடம் இல்லை என்பதே அவர் காட்டிய சான்று. அவர் எந்தக் குழுவைப் பார்த்தாரோ நான் அறியேன். ஆனால் அப்படிப்பட்ட குழுவொன்று 2024ஆம் ஆண்டு முதல் என் வீட்டு விறகுக் கொட்டகையில் பயிற்சி செய்து வருவதாலும், அதில் முகங்கள் மாறிய ஒவ்வொரு முறையும் காரணம் என்னவென்று பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதாலும், இதை எழுதுகிறேன்.

என் மகளின் மகனும் அவனுடைய வகுப்புத் தோழர்கள் மூவரும், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மாதங்களில் இதைத் தொடங்கினார்கள். இருவர் கீழ்ப்பிரிவு லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பிள்ளைகள், ஒருவன் கடைவீதிப் பையன். ஏனப்பா இந்தப் பங்க் இசை, இளையராஜா பாட்டு வாசிக்கக் கூடாதா என்று கேட்டேன். “அதுக்கு வருசக்கணக்காப் படிக்கணும், அம்மாயி. இதுக்குக் கிட்டார்ல மூணு கோர்டு பிடிக்கத் தெரிஞ்சாப் போதும். மிச்சத்துக்குக் கோவம் இருந்தாச் சரி” என்றான் பேரன். 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் இந்த இசை தலையெடுத்ததற்கும் ஏறத்தாழ இதுவே காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெரிய மேடையும் விலையுயர்ந்த கருவியும் பல வருடப் பயிற்சியும் உள்ளவர்களுக்கே இசை என்றாகிவிட்ட காலத்தில், ஒன்றுமில்லாத இளைஞர்கள் இரண்டு நிமிடப் பாட்டுகளோடு உள்ளே புகுந்தார்கள்.

ஒன்றுமில்லை என்று எளிதில் எழுதிவிட்டேன். பழைய கிட்டார் ஒன்றை 25,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். 2021 மார்ச் மாதத்திலிருந்து தோட்டத்தின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாயாகவே இருந்த காலம் அது. 2024 செப்டம்பரில்தான் அது 1,350 ஆயிற்று. ஆக, அந்தக் கிட்டார் ஒரு தாயின் 25 நாட்பெயர், அதாவது 25 முழு நாள் வேலைக்குத் தோட்டக் கணக்கில் விழும் சம்பளம். அடித்தொனி வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு வழியில்லாததால், மாதா கோவில் பாடகர் குழுவில் இரவல் பெற்ற சாதாரணக் கிட்டாரில் மெல்லிய தந்திகள் இரண்டையும் கழற்றிவிட்டு மற்ற நான்கையும் வைத்துச் சமாளித்தார்கள். டிரம்ஸ் என்பது இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்கள், ஓர் அலுமினியப் பேசின், ஒரு தப்பு மேளம். திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர், இரைச்சல் கேட்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்த அம்ப்ளிஃபயரைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். இந்த இசைக்கு அந்த இரைச்சல் ஒரு குறையே இல்லை.

எனக்கு இந்த இசை பிடிக்குமா என்று கேட்டால், இன்றும் முதல் பாட்டு முடிந்ததும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்பவள்தான் நான். ஆயினும் அவர்கள் முதன்முதலில் கட்டிய பாட்டை மறக்க முடியவில்லை. “வெயிலுக்கு முழுப்பேரு, மழைக்கு முழுப்பேரு, எங்கம்மாவுக்கு மட்டும் அரைப்பேரு” என்று நால்வரும் சேர்ந்து கத்துவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் நாட்பெயர் பாதியாகும் கதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 32 ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு, ‘அரைப்பேர்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொல்ல ஒருநாளும் தோன்றியதில்லை.

பெறுபேறு வந்தது. டிரம்ஸ் வாசித்த பையனுக்குக் கணிதம் தவறியது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பயிற்சி முடிந்ததும் குச்சிகள் இரண்டையும் பீப்பாயின் மேல் சேர்த்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் ரயிலேறி, கொழும்பு புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடைக்கு வேலைக்குச் சென்றுவிட்டான். போகிறேன் என்று அவன் சொல்லவில்லை. போகாதே என்று இவர்களும் சொல்ல வாய்க்கவில்லை. இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு, அதே வகுப்பில் படித்த பிள்ளையொருத்தியை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அவளுடைய அத்தை, ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுப்பினார். அவள் கை அவன் கையைவிட வேகம். அதை அவளிடமே அவர்கள் சொல்லவும் செய்தார்கள்.

தீபாவளிக்கு அந்தப் பையன் ஊருக்கு வந்தான். கடையில் முதலாளி கொடுத்த புதுச் சட்டையோடு, கையில் உண்மையான டிரம்ஸ் குச்சிகள் ஒரு சோடி வாங்கிக்கொண்டு, கொட்டகைக்கு நேராக வந்தான். உள்ளே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் அவன் போய்விட்டான். குச்சிகள் வாசற்படியில் கிடந்தன. ஆளை மாற்றியதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மாற்றியதை அவனுக்குச் சொல்லாமல் விட்டதே அந்தப் பிள்ளைகள் செய்த தவறு. அன்றிரவு என் பேரன் சாப்பிடாமலே படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான், இந்த இசையைத் தொடங்கியவர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்று பேரனும் நானும் கைப்பேசியில் தேடிப் படித்தோம். 1974இல் நியூயோர்க்கில் தொடங்கிய ரமோன்ஸ் குழுவின் நால்வரும் உடன்பிறந்தவர்கள் அல்லர். ஆனால் அனைவரும் ரமோன் என்பதையே குடும்பப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். பாடகராக உலகமறிந்த ஜோயி ரமோன் முதலில் டிரம்ஸ் வாசித்தவராம். அவர் பாட முன்னே வந்ததும், குழுவின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாமி டிரம்ஸுக்குப் போனார். அவர் 1978இல் விலகியபோது மார்க்கி என்பவர் வந்து அவரும் ரமோன் ஆனார். விலகிய டாமியோ அடுத்த இசைத்தட்டின் தயாரிப்பில் கூடவே இருந்தார். 1996 வரை, 22 ஆண்டுகள் குழு நின்றது. முடிவில் முதல் நால்வரில் எஞ்சியிருந்தவர் இருவரே. லண்டனில் அதே காலத்தில் பெயரெடுத்த இன்னொரு குழு (அதன் பெயரை ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி பத்திரிகையில் எழுதாமல் விடுவதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்) 1977இன் தொடக்கத்தில், மெட்டுகளில் பெரும்பங்கு வகித்த தன் பேஸ் வாசிப்பாளர் பிரிந்துபோனதும், வாசிக்கவே சரியாகத் தெரியாத ஒருவரைத் தோற்றத்துக்காகச் சேர்த்துக்கொண்டது. 1978 ஜனவரியில் அது முடிந்தும் போயிற்று.

படித்து முடித்தபோது எனக்கு நம்முடைய காமன் கூத்துதான் நினைவுக்கு வந்தது. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி ஆடும் அந்தக் கூத்தில், சென்ற ஆண்டு ரதி வேடம் கட்டியவன் இந்த ஆண்டு கொழும்பில் இருக்கலாம், அதற்கு முந்தைய ஆண்டு கட்டியவன் கட்டாரில் இருக்கலாம். அதற்காக ரதி இல்லாமல் மன்மதன் எரிக்கப்பட்டதாக நான் எந்தத் தோட்டத்திலும் கேள்விப்பட்டதில்லை. வேடம் அங்கேயே இருக்கிறது. ஆள் வருகிறான், ஆடுகிறான், அடுத்தவனுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறான். நம்முடைய தப்புச் செட்டுகளும் அப்படித்தானே தலைமுறை தாண்டி வந்தன? அதிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் சேர்த்துப் பிரிக்கும் இடம்) ஆள் கூப்பிடத் தப்படித்தவர் எவரும் சாகும்வரை அடித்துக்கொண்டிருக்கவில்லை.

பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தான். இப்போது அந்தப் பையன் இரவில் கடை மூடியபின், மேல்மாடியில் மற்ற வேலையாட்கள் உறங்கும்வரை காத்திருந்து, கைப்பேசியில் தாளத்தை வாயாலேயே அடித்துக் காட்டுவான். அந்தப் பிள்ளை அதைத் தப்பு மேளத்தின் தாளச் சொற்களில் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வாள். தாளம், கோர்டு, பாட்டு வரி என்று எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கின்றன. இதன் பயன் அடுத்தடுத்த மாற்றங்களில் தெரிந்தது. தாய் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் பேஸ் வாசித்த பையன் கொழும்பை அடுத்த வத்தளையில் பெரியம்மா வீட்டுக்குச் சென்றான். அவன் இடத்துக்கு வந்தவன் கொப்பியைப் பார்த்தே ஐந்து வாரத்தில் பழகிக்கொண்டான். பாடியவன் மட்டும், பாட்டை எழுதியது தான்தான் என்ற சண்டையில் விலகினான். இத்தனை மாற்றங்களில் சண்டையால் நேர்ந்தது அது ஒன்றுதான். வறுமையும் பரீட்சையும் பயணமும் பிரித்த பிள்ளைகளை, ஒட்டாத பிள்ளைகள் என்று வாசகர் எழுதியதே என்னை வருத்தியது.

இனி, இக்கடிதத்தை நான் எழுத வேண்டி வந்த மற்றைய காரணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு அருகே பொது மண்டபம் ஒன்று உண்டு. அங்கே ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை பயிற்சி செய்ய, 2025இன் தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தில் அனுமதி கிடைத்தது. விண்ணப்பத்தில் முதல் நால்வரின் பெயரும் இருந்தது. சில மாதங்களுக்குப் பின் பொறுப்பானவர் வந்து பட்டியலைச் சரிபார்த்தபோது இருவர் பட்டியலில் இல்லாதவர்கள். “விண்ணப்பித்த குழு இது இல்லையே” என்றார்; அனுமதி அன்றோடு நின்றது. புதிய விண்ணப்பம், புதிய உறுதிக் கடிதங்கள், பெற்றோர் கையொப்பங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்து, மறுபடி அனுமதி வந்தபோது பாடகன் விலகியிருந்தான். மறுபடியும் பட்டியல், மறுபடியும் நிறுத்தம். அவர் கெட்டவர் அல்லர். தனக்கு முன் யாரோ எழுதிவைத்த விதியைப் படித்துக் காட்டினார். ஆனால் அதே மண்டபத்தின் அலுமாரியில் தோட்டத்துக் கிரிக்கெட் அணியின் மட்டைகளும் காற்காப்புகளும் பத்து வருடமாக இருக்கின்றன. இந்த வருடம் ஆடும் பதினொருவர் போன வருடம் ஆடியவர்கள்தானா என்று எவரும் கேட்டதில்லை. அணி என்றால் அணிதான்.

இசைக்குழுவுக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்கலாமே என்பதே என் வேண்டுகோள். அனுமதி குழுவின் பெயருக்கு இருக்கட்டும். பொறுப்புக்கு வளர்ந்த ஒருவர் கையொப்பமிடட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நானே இடுகிறேன், உடைகிற கண்ணாடிக்கும் நானே பொறுப்பு. உள்ளே யார் வாசிக்கிறார்கள் என்ற பட்டியலை மாதத்துக்கு ஒருமுறை மண்டபத்தில் ஒட்டிவைக்கப் பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன்: பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பத் தீர்மானித்தால், முதல்நாள் இரவில் சொல்லாமல் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அந்த ஒரு மாதம் போதும். வாசகர் அவர்கள் விரும்பினால் எந்த ஞாயிறும் வந்து பார்க்கலாம். காதுக்குப் பஞ்சு நான் தருகிறேன்.

கடைசியாக ஓர் அறிவித்தல், பிள்ளைகள் கேட்டுக்கொண்டபடி. பேஸ் வாசிப்பவனுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குவதால் அவ்விடம் விரைவில் வெற்றிடமாகிறது. லிந்துலை முதல் கொட்டகலை வரை, ஞாயிறு பிற்பகலில் தலவாக்கலைக்கு வந்துபோகக் கூடிய ஆணோ பெண்ணோ எவரும் வரலாம். வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கொப்பி இருக்கிறது. மழைக்காலம் தொடங்குமுன் வந்தால் நல்லது. கொட்டகைக் கூரையில் தகரம் இரண்டை மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்கும் ஒரு கை குறைகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தலவாக்கலை.