லீடு வாங்கப் பணம் கேட்ட மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஏணி ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தாலே நீ “சரிம்மா, சைட்ல இருக்கேன்மா” என்று வைத்துவிடுகிறாய். இது கணக்கு விஷயம், எழுதி வைத்தால்தான் சரிவரும்.

ஞாயிற்றுக்கிழமை 35,000 ரூபாய் கேட்டாய். ஆறு மாதப் பேக்கேஜ், மாதம் 40 லீடு, அதாவது எலக்ட்ரீசியன் தேடுகிறவர்களின் நம்பர், எல்லாம் சென்னையில் உன் மேடவாக்கத்தைச் சுற்றியே என்று லீடு விற்கிற கம்பெனி ஆள் சொன்னதாகச் சொன்னாய். எய்யா, முதலில் அது 35,000 இல்லை. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 41,300. உன் வரவு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தொடவில்லை, நீ ஜிஎஸ்டி நம்பரும் எடுக்கவில்லை. அதனால் அந்த 6,300 போனது போனதுதான், எதிலும் கழிக்க முடியாது. பேசும்போது இதைச் சொல்லமாட்டார்கள், பில்லில்தான் வரும்.

நாமும் ஒரு தடவை வாங்கியிருக்கிறோம். நீ அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில் இருந்தாய். 2018. கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒரு பையன் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கிற நம் எலக்ட்ரிக்கல் வேலைக் கடைக்கு வந்தான். நல்ல பையன், வெயிலில் வந்திருந்தான், நான்தான் மோர் கொடுத்தேன். டேப்லெட்டில் எதையோ தட்டிக் காட்டி, “சார், இந்த நிமிஷம் உங்க ஏரியாவுல இத்தனை பேர் எலக்ட்ரீசியன் தேடிக்கிட்டு இருக்காங்க” என்றான். அந்த வருஷம் வேலை மந்தம். அப்பா உடனே விழுந்துவிட்டார். மூன்று மாதத்துக்கு 12,000, வரியோடு 14,160. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. உன்னிடம் வந்திருப்பது வேறு கம்பெனி என்று தெரியும். பேச்சு என்னவோ அதே பேச்சாகத்தான் இருக்கிறது.

நம் கடை நோட்டில் “யார் சொல்லி வந்தது” என்று ஒரு கட்டம் உண்டு, நினைவிருக்கிறதா? நான் கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து போட்டு வருகிறேன். அந்த மூன்று மாதத்துக்கும் தனிப் பக்கம் போட்டேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 61 நம்பர் வந்திருக்கிறது. 14 பேர் போனையே எடுக்கவில்லை. 9 பேர் “சும்மா ரேட் கேட்கலாம்னு போட்டேன்” என்றார்கள். 7 பேர் வள்ளியூர், கோவில்பட்டி பக்கம். ஒரு ஃபேன் மாட்ட நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போவதா? 5 பேருக்கு வேண்டியது மோட்டார் ரீவைண்டிங்கும் ஏசி கேஸும். 11 பேர் “வேற ஆள் வந்துட்டாங்களே” என்றார்கள். மிச்சம் 15 வீட்டுக்கு அப்பா நேரில் போய்ப் பார்த்தார். கிடைத்த வேலை நான்கு.

இப்போது நீயே வகுத்துப் பார். ஒரு நம்பர் 232 ரூபாய். அந்தப் பையன் சொன்னது இந்தக் கணக்கைத்தான், “ஒரு டீ டிஃபன் செலவு சார்” என்று. ஆனால் ஒரு வேலைக்கு எவ்வளவு? 14,160-ஐ நாலால் வகுத்தால் 3,540. அந்த நாலில் ஒன்று ஃபேன் மாட்டுவது, 350 ரூபாய். இன்னொன்று கீசர் பாயின்ட், 1,200. இன்வெர்ட்டர் வயரிங் ஒன்று, 1,800. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு வேலைக்கான லீடு காசு வரவில்லை. பதினைந்து வீட்டுக்கு வண்டியில் போய் வந்த பெட்ரோலை நான் சேர்க்கவே இல்லை. நாலாவது வேலையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அது வேறு கதை.

உனக்குச் சொன்ன 240 லீடும் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நம் நோட்டுக் கணக்குப்படி அதில் 16 வேலை தேறும். 41,300-ஐ அதால் வகுத்தால் வேலைக்கு 2,600 பக்கம் வருகிறது. சுவிட்ச் மாற்றவும் ஃபேன் மாட்டவும் போய் அந்தக் காசை எடுக்க முடியுமா? சின்ன வேலைக்கெல்லாம் ஆட்கள் இப்போது அர்பன் கம்பெனி ஆப்பில் ரேட் பார்த்து வைத்துக்கொண்டுதான் உன்னிடமே பேசுவார்கள்.

“வேற ஆள் வந்துட்டாங்களே” என்று சொன்ன அந்தப் பதினொரு பேர்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தவர்கள். ஒரே நம்பரை நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் விற்கிறார்கள். யார் முதலில் கூப்பிடுகிறாரோ அவருக்குத்தான் பேச்சு. அப்பா ஏணி மேல் நின்றுகொண்டு, வாயில் டெஸ்டரைக் கவ்விக்கொண்டு, எப்படிப் போனை எடுப்பார்? சாயங்காலம் இறங்கி வந்து கூப்பிட்டால் அங்கே வேலையே முடிந்திருக்கும். இரண்டாவது மாதத்திலிருந்து நான் கடையில் உட்கார்ந்து, மெசேஜ் வந்த மறு நிமிஷம் கூப்பிட்டேன். பெண் குரல் கேட்டதும் சிலர் “கால் சென்டரா?” என்று வைத்தார்கள். அதற்கு என்ன செய்ய? ஆனாலும் கிடைத்த நாலு வேலையில் மூன்று நான் கூப்பிட்டதுதான். உனக்காக அங்கே யார் போன் எடுப்பார்கள்? ஹெல்பர் பையனிடம் கொடுப்பாயா?

இன்னொன்று, இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். நீ நல்ல வேலைக்காரன் என்பது அந்த இடத்தில் தெரியாது. ஐந்து பேரிடம் ரேட் வாங்குகிறவர் கடைசி வரியைத்தான் பார்ப்பார். நீ லைட்டுக்கு 1.5, பவர் பாயின்டுக்கு 2.5, ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்.எம். என்று வேலைக்கேற்ற தடிமனில் வயர் போட்டு, எர்த் ஒழுங்காக இழுத்து, ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்துக் கொட்டேஷன் கொடுப்பாய். இன்னொருவன் எல்லாவற்றுக்கும் ஒரே வயரை ஓட்டி, எர்த்தை டிபியோடு, அதான் மெயின் சுவிட்ச் பெட்டியோடு, நிறுத்திவிட்டு, ஐயாயிரம் குறைத்துக் கொடுப்பான். சுவருக்குள் போனபின் இரண்டும் ஒன்றுதான் வீட்டுக்காரருக்கு. கிண்டி லைசென்சிங் போர்டுக்கு எத்தனை நடை நடந்து நீ வாங்கிய லைசென்ஸுக்கு அந்த லீடு கம்பெனி ஆப்பில் ஒரு பச்சை டிக் மட்டும்தான். லைசென்ஸுக்கு மதிப்பு, புது சர்வீஸ் வாங்கவோ லோடு கூட்டவோ ஈபிக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துத் தேவைப்படும் இடத்தில்தான். அங்கே வீட்டுக்காரரே உன்னைத் தேடுவார்.

டல்லாஸிலிருந்து உன் அக்கா போன வாரம் பேசினாள். உன் விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளை போனை வாங்கி ஒரு செய்தி சொன்னார். அங்கே ஹோம் அட்வைசர் என்று ஒரு பெரிய கம்பெனி, எலக்ட்ரீசியன், பிளம்பர்களுக்கு லீடு விற்றுவந்தது. வருஷச் சந்தா மட்டும் அப்போது ஏறக்குறைய 288 டாலர், ஒவ்வொரு லீடுக்கும் தனிக் காசு. வேறு வேலை கேட்டவர், வேறு ஊர்க்காரர், வேலை செய்கிற எண்ணமே இல்லாதவர் நம்பரையெல்லாம் நல்ல லீடு என்று விற்றதாக அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் 2022 மார்ச்சில் வழக்குப் போட்டது. வேலை கிடைக்கும் விகிதத்தைக் கூட்டிச் சொன்னார்கள் என்பதும் புகாரில் உண்டு. 2023 ஜனவரியில் 72 லட்சம் டாலர் வரை கொடுக்க அந்தக் கம்பெனி சம்மதித்ததாம். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆறுதல். நம் 61 நம்பர் நோட்டை அமெரிக்காவிலும் யாரோ ஒரு அம்மா எழுதியிருப்பாள் போல.

இதற்காக, வேலை சொன்னவருக்குக் காசு கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நாம் என்ன, கொடுக்காதவர்களா? மேஸ்திரிக்குக் கொடுத்தோம், கொத்தனாருக்குக் கொடுத்தோம், எலக்ட்ரிக்கல் கடைக்காரர் அனுப்பினால் மெட்டீரியலை அவர் கடையிலேயே எடுத்தோம். ஆனால் அதெல்லாம் வேலை முடிந்து, செட்டில்மென்ட் வாங்கிய அன்று கொடுத்தது. வேலை கெட்டால் மேஸ்திரியின் பேரும் சேர்ந்து கெடும், அதனால் பணம் இழுக்கிற பார்ட்டியிடம் அவரே நம்மை அனுப்பமாட்டார். “அந்த ஆள் வேண்டாம்ணே, போன வீட்டுல பெயிண்டருக்கே பாக்கி” என்று சொல்வார். இந்தக் கம்பெனிக்கு நம்பர் போய்ச் சேர்ந்ததோடு கணக்கு முடிந்தது. உனக்கு வேலை கிடைத்ததா, காசு வந்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, அந்த நாலாவது வேலை. பெருமாள்புரத்தில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீடு, மாடி கட்டினார்கள், 48 பாயின்ட். அதுவும் அந்த லிஸ்டில் வந்ததுதான், மறைக்கமாட்டேன். லேபர் 14,400 பேசினோம். ஆள் கூலி போக, லீடு காசும் போக, கையில் நின்றது ரொம்பக் கொஞ்சம். ஆனால் அப்பா அங்கே என்ன செய்தார் தெரியுமா? மாடி டிபியில் ஒவ்வொரு எம்சிபி சுவிட்சுக்கும் கீழே வெள்ளை டேப் ஒட்டி, தன் கையாலேயே “ஹால்”, “கிச்சன்”, “கீசர்”, “மோட்டார்” என்று தமிழில் எழுதினார். கீழ் வீட்டு டிபிக்கும் கேட்காமலேயே எழுதிக் கொடுத்தார். மூடியின் உள்பக்கம் நம் கடை ஸ்டிக்கர். வாத்தியார் அதைத் திறந்து திறந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம். மறு வருஷம் அவர் தம்பி வீடு. அப்புறம் அவரோடு வேலை பார்த்த டீச்சர் வீடு. அந்த டீச்சர் மருமகனின் கிளினிக். நோட்டில் “யார் சொல்லி” கட்டத்தில் “வாத்தியார்” என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன்.

இதைத்தான் அப்பா பிடித்துக்கொண்டு, “பார், லீடு வாங்கினதாலதானே வாத்தியார் கிடைச்சார்” என்கிறார். வாஸ்தவம்தான். அதனால்தான் நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ சென்னைக்குப் புதுசு. இங்கே அப்பாவுக்கு மேஸ்திரிகள் இருந்தார்கள், உனக்கு அங்கே ஒருவரும் இல்லை. முதல் பத்து வீட்டுக்கு எப்படியாவது உள்ளே போக வேண்டும், அதற்கு ஏதோ கொஞ்சம் செலவு ஆகத்தான் செய்யும்.

ஆனால் ஆறு மாதம் வேண்டாம். ஒரு மாதம் மட்டும் போட முடியுமா என்று கேள். மொத்தமாகக் கட்டினால் டிஸ்கவுன்ட் என்பான், அந்த டிஸ்கவுன்டுக்கு மயங்காதே. வங்கிக் கணக்கில் தானாகப் பணம் எடுக்கிற மாதிரி எதற்கும் ஓகே கொடுக்காதே. நமக்கு நாலாவது மாதமும் எடுத்தார்கள், திரும்ப வாங்க அப்பா பட்ட பாடு பெரிய பாடு. ஒரு நம்பரை எத்தனை பேருக்குக் கொடுப்பார்கள், தப்பான நம்பர் வந்தால் கழிப்பார்களா, எந்தெந்த பின்கோடு, இதையெல்லாம் வாய்ப்பேச்சாக விடாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கு. எழுதித் தர யோசித்தால் அங்கேயே விட்டுவிடு. ஃபேன், சுவிட்ச் வேலைகளை லிஸ்டிலிருந்து எடுக்கச் சொல். புது வீட்டு வயரிங், பழைய வீட்டு ரீவயரிங், த்ரீ ஃபேஸ் மாற்றம், கார் சார்ஜர் பாயின்ட், இந்த மாதிரி வேலை ஒன்று வந்தாலும் அந்த மாதக் காசைத் தாங்கும். கூகுள் மேப்பில் உன் பேரைப் போடுவதற்குக் காசே கிடையாது, அதை இன்னும் ஏன் செய்யவில்லை என்று அப்பா கேட்கச் சொன்னார். முடித்த வீட்டுக்காரரிடம் அதில் இரண்டு வரி எழுதச் சொல்லக் கூச்சப்படாதே. உன் பக்கம் அத்தனை அப்பார்ட்மென்ட் இருக்கிறதே, அசோசியேஷன் செக்ரட்டரிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாயா? பார்த்திருக்கமாட்டாய். நீ சின்ன வயதிலிருந்தே ஆளைப் பார்க்கப் போகச் சொன்னால் குளிக்கப் போய்விடுவாய்.

10,000 ரூபாய் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். ஒரு மாதம் பார். கூரியரில் ஒரு நீள நோட்டும் வரும், கட்டம் நானே போட்டுவிட்டேன்: தேதி, எந்த ஏரியா, என்ன வேலை, எத்தனை நிமிஷத்தில் கூப்பிட்டாய், என்ன ஆனது, கையில் நின்றது எவ்வளவு. கடைசிக் கட்டம் “யார் சொல்லி”. மாதம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, அடுத்த மாதத்தைப் பற்றி அப்போது பேசலாம். ஸ்டிக்கரும் இருநூறு அடித்து வைத்திருக்கிறேன், உன் நம்பர் போட்டு. டிபி மூடிக்கு உள்பக்கம் ஒட்டு. வெளியே ஒட்டினால் பெயிண்டர் அடித்துவிடுவான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் வீட்டு மாடியில் இப்போது குடியிருக்கிற பையன் கூப்பிட்டான். கீசர் போட்டால் ட்ரிப் ஆகிறதாம், மூடிக்குள் நம்பர் இருந்ததாம். நாளைக்குக் காலையில் ஆள் அனுப்புகிறேன் என்றேன். திரும்பிப் பார்த்தால் அப்பா டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு செருப்பைத் தேடுகிறார்.

அன்புடன்,
அம்மா